ஆர்க்கிட்ல மாவுப்பூச்சியும் சிலந்திப்பேனும்: ஸ்ப்ரேயர் எடுக்குறதுக்கு முன்னாடி கொஞ்சம் பொறுங்க தங்கச்சி

தங்கச்சி, உங்க கேள்விய ரெண்டு தடவை படிச்சேன். கீழக்கரையில மாடிப்படி ஓரமா பச்சை நெட்டு கட்டி ஒன்பது டென்ட்ரோபியம், ரெண்டு ஃபலனாப்சிஸ், ஒரு வாண்டான்னு மூணு வகை ஆர்க்கிட் வச்சிருக்கீங்க. தை மாசம் வரைக்கும் பூவும் பிஞ்சுமா நல்லா இருந்துச்சு, இப்ப பங்குனி வெயிலு ஏற ஏற டென்ட்ரோபியம் கணுவுல வெள்ளையா பஞ்சு மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கு, எறும்பு வரிசை கட்டி ஏறுது, அது போக நாலஞ்சு செடில இலை மேல பொடிப்பொடியா மஞ்சப் புள்ளி, திருப்பிப் பாத்தா அடியில வெள்ளி பூசுன மாதிரி இருக்கு. வீட்டுல ரெண்டு வயசுப் பிள்ளையும் பூனையும் இருக்குறதால கெமிக்கல் வேணாம்னு சொல்லிட்டீங்க. உங்க உம்மா சாம்பல் தூவச் சொல்றாங்க, பக்கத்து வீட்டுல புகையிலைத் தண்ணி, இன்னொருத்தர் பாத்திரம் கழுவுற லிக்விடையும் வேப்பெண்ணெயையும் கலந்து அடிங்கன்னுட்டாரு, எதைச் செய்யிறதுன்னு தெரியலன்னு கேட்டிருக்கீங்க.

நீங்க சொல்றத வச்சுப் பாத்தா உங்க மாடில ரெண்டு விதமான பூச்சி இருக்கு. பஞ்சு மாதிரி இருக்குறது மாவுப்பூச்சி, வெள்ளி பூசுன மாதிரி இருக்குறது சிலந்திப்பேன் பண்ணுன வேலை. ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற, ரெண்டையும் கெமிக்கல் இல்லாமலே அடக்கலாம், ஆனா ஒரே நாள்ல ஆகாது, சுமாரா ஒரு மாசம் கூடவே நிக்கணும். அதுக்கும் மேல ஒண்ணு சொல்லணும், நம்ம கடக்கரை ஊர்கள்ல நான் பாத்த வரைக்கும் பூச்சி தின்னு செத்த ஆர்க்கிட்ட விட வைத்தியம் பண்ணிச் செத்த ஆர்க்கிட்தான் அதிகம்.

இத வாய்ச்சொல்லா சொல்லல. நான் உச்சிப்புளி பக்கம், பதினாலு வருசமா வளக்குறேன், இப்ப நாப்பது தொட்டிக்கு மேல கிடக்கு. ஆரம்பிச்ச ரெண்டாவது வருசம் சித்திரையில இதே மாவுப்பூச்சி வந்துச்சு, எனக்கு வந்த வேகத்துல வேப்பெண்ணெய அளவே பாக்காம ஒரு குலுக்கு ஊத்தி, பாத்திரம் கழுவுற லிக்விட இன்னொரு குலுக்கு ஊத்தி, போர் தண்ணில கலக்கி காலைல பத்து மணிக்கு நின்னு நிதானமா குளிப்பாட்டி விட்டேன். சாயங்காலம் வந்து பாக்குறேன், இலையெல்லாம் எண்ணெய்ல போட்ட அப்பளம் மாதிரி அங்கங்க கொப்புளம் கொப்புளமா பழுப்பாயிருச்சு. பதினொரு செடி. மாவுப்பூச்சி மட்டும் கணு இடுக்குல பத்திரமா உக்காந்திருந்துச்சு, அதுக்கு ஒரு கேடும் இல்ல. எங்க வீட்டம்மா வந்து பாத்துட்டு "பூச்சிக்கு எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டிருக்கீங்க போல"ன்னு ஒரு வார்த்தை சொன்னாங்க, அது இன்னைக்கு வரைக்கும் விடல.

அதனால இன்னைக்கு எதையும் அடிக்காதீங்க. முதல்ல பாருங்க. ஒரு வெள்ளைப் பேப்பர் எடுத்து அந்த மஞ்சப் புள்ளி விழுந்த இலைக்கு அடியில பிடிச்சுக்கிட்டு இலைய விரலால நாலு தட்டு தட்டுங்க. பேப்பர்ல தூசி மாதிரி விழும், ஒரு நிமிசம் அசையாம பாத்துக்கிட்டே இருங்க, தூசில ஒண்ணு ரெண்டு நடக்க ஆரம்பிக்கும். அத விரல வச்சு இழுத்தீங்கன்னா சிவப்பாவோ பழுப்பாவோ ஒரு கோடு விழுந்துச்சுன்னா அது சிலந்திப்பேன். அது பூச்சி சாதியே கிடையாது, எட்டுக்காலு, சிலந்திக்குச் சொந்தக்காரன். சிலதுல இலைக்கடியில மெல்லிசா வலை இருக்கும், ஆர்க்கிட்ல வர்ற இன்னொரு தட்டையான பேன் இருக்கு, அது வலையே பின்னாது, குறிப்பா ஃபலனாப்சிஸ் இலைல அம்மைத் தழும்பு மாதிரி குழி விழ வைக்கும், அதனால வலை இல்லன்னு பாத்துட்டு பேன் இல்லன்னு விட்டுறாதீங்க. போன் கேமராவ முழுசா ஜூம் பண்ணி ஒரு போட்டோ எடுத்தாலே ஓரளவு தெரியும், துணிக்கடைக்காரங்க நூல் எண்ணுறதுக்கு வச்சிருப்பாங்கள்ல ஒரு மடக்குக் கண்ணாடி, அது கிடைச்சா இன்னும் நல்லது.

இன்னொரு பக்கம், பூச்சியே இல்லாதத பூச்சின்னு நினைச்சு பயப்படுறவங்களும் நிறைய. வேரு மேல வெள்ளையா சாக்பீஸ் தேச்ச மாதிரி இருக்குறது ஆர்க்கிட்டுக்கு இயற்கை, தண்ணி ஊத்துனா பச்சையாகும், காஞ்சா திரும்ப வெள்ளையாகும், அதப் போயி பூசணம்னு சுரண்டுன ஒருத்தர எனக்குத் தெரியும். டென்ட்ரோபியம் பழைய தண்டுல காகிதம் மாதிரி வெள்ளைத் தோல் உரியும், அதுவும் நோய் இல்ல. பூங்கொத்துக் காம்புல கண்ணாடி மாதிரி ஒரு சொட்டு பிசுபிசுன்னு நிக்கும், சுத்தி ஒரு பூச்சியும் இல்லன்னா அது செடியே கசிய விடுற தேன், துடைச்சு விட்டா போதும். தண்ணி ஊத்தும்போது தொட்டிக்குள்ள இருந்து குதிக்கிற பொடிசுக மட்குன தேங்கா மட்டையத் தின்னுக்கிட்டு கிடக்குற அப்பாவிக. இலை நுனி மட்டும் கறுத்துக் கருகுதுன்னா நம்ம ஊர்ல முதல் சந்தேகம் உப்பு மேலதான் வரணும், பூச்சி மேல இல்ல.

சரி, மாவுப்பூச்சிக்கு வர்றேன், அதுலயும் எறும்புல இருந்து ஆரம்பிக்கணும். மாவுப்பூச்சி செடிச் சாற உறிஞ்சிட்டு மிச்சத்த இனிப்புத் தண்ணியா வெளிய விடும், எறும்பு அதுக்காகத்தான் வருது, சும்மா குடிச்சுட்டுப் போனாலும் பரவால்ல, மாவுப்பூச்சியத் திங்க வர்ற நல்ல பூச்சிகள விரட்டியடிக்கும், ஒரு வகையில ஆடு மேய்க்கிற மாதிரிதான். எறும்ப நிறுத்தாம நீங்க எத்தனை தடவை அடிச்சாலும் திரும்பத் திரும்ப வரும். தொட்டிய ஒரு பெரிய வாளித் தண்ணில விளிம்பு வரைக்கும் அரை மணி நேரம் அமுக்கி வச்சுப் பாருங்க, உள்ள கூடு இருந்தா முட்டையத் தூக்கிக்கிட்டு வெளிய ஓடியாரும். அப்புறம் தொங்க விட்ட தொட்டின்னா கம்பில ரெண்டு விரல்கடை நீளத்துக்கு வேஸ்லினோ கிரீஸோ தடவி விடுங்க, ஸ்டாண்டுல இருந்தா ஸ்டாண்டுக் காலுல தடவுங்க, தூசி படிஞ்சா துடைச்சுட்டுத் திரும்பத் தடவணும். காலுக்கடியில தண்ணிக் கிண்ணம் வைக்கலாம்னு சொல்வாங்க, நான் சொல்ல மாட்டேன், பிள்ளை இருக்குற வீட்டுல கொசுவ வளத்த கதையாயிரும். இலை எதுவும் சுவத்தையோ நெட்டையோ தொட்டுக்கிட்டு இருக்கக் கூடாது, எறும்புக்கு அது ஒண்ணே பாலம்.

அடுத்தது கையால எடுக்குறது. இதுல சுருக்குவழி கிடையாது. பூச்சி இருக்குற தொட்டியெல்லாம் தனியா ஒரு மூலைக்குக் கொண்டு போயிருங்க. மெடிக்கல்ல எழுபது சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கேளுங்க, இல்லன்னா சர்ஜிக்கல் ஸ்பிரிட் வாங்கிக்கங்க, கைக்குப் போடுற சானிடைசர் ஜெல் வேணாம், அதுல வழவழப்புக்குச் சேத்தது இலைல ஒட்டிக்கும். காட்டன் பட்ஸ அதுல நனைச்சு அந்தப் பஞ்ச தொட்டீங்கன்னா வெள்ளை கரைஞ்சு உள்ள இருந்து வெளிர் ஆரஞ்சாவோ ரோஸாவோ ஒரு சதைத்துண்டு மாதிரி தெரியும், அதுதான் பூச்சி. அந்த மேல இருக்குற மெழுகுதான் அதுக்குச் சட்டை, தண்ணி பட்டா உருண்டு ஓடிரும், ஸ்பிரிட் அதக் கழட்டி உள்ள போகும். டென்ட்ரோபியம் தண்டுல காஞ்ச தோல் சுத்திக்கிட்டு இருக்குல்ல, அத நகத்தால கீறி முழுசா உரிச்சு எடுங்க, நூத்துக்கு நூறு அதுக்குள்ளதான் குடும்பமா உக்காந்திருக்கும். எனக்கு ஒரு தடவை வெளிய பாத்தா மூணே மூணுதான், தோல உரிச்சா ஒரு தண்டுல முப்பதுக்கு மேல. உரிச்ச தோல அங்கயே போடாதீங்க, ஒரு கவர்ல போட்டு முடிச்சுப் போட்டு வெளிய கொண்டு போயிருங்க. ஸ்பிரிட் வேலைய நிழல்லதான் செய்யணும், பூவுல படக்கூடாது, அடுப்புப் பக்கம் வச்சுறாதீங்க, பிள்ளை கைக்கு எட்டாத இடத்துல மூடி வைங்க.

மேல சுத்தமாயிருச்சுன்னு விட்டுறவும் கூடாது. பூச்சி அதிகமா இருந்த தொட்டிகள்ல ஒண்ண மட்டும் கவுத்து வேரைப் பாருங்க. வேரு இடுக்குல, ஓட்டுக்கு அடியில வெள்ளை மாவு தூவுன மாதிரி இருந்தா பழைய தேங்கா மட்டை எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு வேர மழைத்தண்ணில அலசி புதுசா மாத்திருங்க. கரிக்கு நமக்கென்ன பஞ்சம், சாயல்குடி, கமுதி, முதுகுளத்தூருன்னு எங்கிட்டுப் போனாலும் சீமைக்கருவேல மூட்டம் போடுறாங்க, நல்ல கனமான கரியா வாங்கி ரெண்டு விரல்கடை அளவுல உடைச்சு தூசியக் கழுவிட்டுப் போடுங்க, கூட ஓட்டாஞ்சில்லு. மட்டை போட்டே ஆகணும்னா மூணு நாள் நல்ல தண்ணில ஊறப் போட்டு தினம் தண்ணிய மாத்துங்க, கடக்கரைத் தென்னை மட்டைல உப்பு இருக்கும்.

தண்ணின்னு வந்தப்புறம் அதையும் சொல்லிர்றேன், ஏன்னா நம்ம ஊர்ல பாதி வைத்தியம் தண்ணிலதான் கெட்டுப்போகுது. கடினத் தண்ணில சோப்பு நுரைக்காம திரிதிரியா மிதக்குறத நீங்க துணி துவைக்கும்போதே பாத்திருப்பீங்க. அந்தத் திரி பூச்சி மேல வேலை செய்யாது, இலைலதான் படிஞ்சு கிடக்கும், எண்ணெயும் கலங்காம தனியா மிதந்து ஒரு இலைல மொத்தமா இறங்கி கருக்கும். கூரையில இருந்து பிடிச்ச மழைத்தண்ணி இருந்தா அது தங்கம். இல்லையா, குடத்துல வாங்குற குடிதண்ணியோ காவிரித் தண்ணியோ ஒரு லிட்டர்தான வேணும், அதுக்கு மட்டும் எடுத்துக்கங்க. ஆர்ஓ மெசின்ல இருந்து வெளிய வர்ற கழிவுத் தண்ணிய மட்டும் ஆர்க்கிட் பக்கமே காட்டாதீங்க, உப்பு மொத்தமும் அதுலதான் இருக்கு.

இப்ப வேப்பெண்ணெய் கரைசல். ஒரு லிட்டருக்கு மூணு மில்லி வேப்பெண்ணெய், காதி சோப்பக் கரைச்ச தண்ணியோ திரவ காதி சோப்போ ஒண்ணு ரெண்டு மில்லி. வேப்பெண்ணெய் அஞ்சு மில்லிக்கு மேல எந்தக் காரணத்துக்காகவும் போகாதீங்க, பிள்ளைக்கு மருந்து குடுக்குற சிரிஞ்சு ஒண்ணு பழசு இருந்தா இதுக்குன்னு ஒதுக்கிருங்க, குலுக்குக் கணக்கு எனக்கு என்ன பண்ணுச்சுன்னுதான் சொல்லிட்டேனே. முதல்ல எண்ணெயையும் சோப்பையும் ஒரு கிண்ணத்துல போட்டு குச்சியால அடிச்சு வெள்ளையா பால் மாதிரி ஆக்குங்க, அப்புறம் வெதுவெதுப்பான தண்ணி கொஞ்சம் கொஞ்சமா சேத்துக் கலக்கிட்டு ஸ்ப்ரேயர்ல ஊத்துங்க. மேல எண்ணெய்க் கண்ணு கண்ணா மிதந்துச்சுன்னா அடிக்காதீங்க, கலக்கல் சரியா வரல. அடிக்கும்போதும் நடுநடுவுல குலுக்கிக்கிட்டே இருக்கணும். கலந்தத அன்னைக்கே தீத்துருங்க, மறுநாளைக்கு வச்சா வீரியம் போயிரும்.

நேரம் முக்கியம், வெயிலு சாஞ்சு அஞ்சரைக்கு அப்புறம். வேம்புல இருக்குற அசாடிராக்டின் வெயில்ல சீக்கிரம் சிதைஞ்சு போகும், எண்ணெயோட வெயிலு பட்டா இலையும் வேகும், ரெண்டு நட்டமும் நமக்குத்தான். முதல் நாள் ஒரே ஒரு செடில ஒரே ஒரு இலைல அடிச்சுட்டு ரெண்டு நாள் பொறுங்க, ஒண்ணும் ஆகலன்னா மத்ததுக்கு அடிங்க. செடி காஞ்சு சொணங்கிக் கிடக்கும்போது அடிக்கக் கூடாது, காலைல தண்ணி குடிச்ச செடிக்குத்தான் சாயங்காலம் மருந்து. இலையடி, கணு, இலை தண்டச் சேர்ற இடுக்கு, இதுலதான் படணும், மேல பளபளன்னு அடிச்சு புண்ணியம் இல்ல. மறுநாள் காலைல நல்ல தண்ணியால இலைய அலசி விட்டுருங்க. ஃபலனாப்சிஸ் நடுக்குருத்துல தண்ணி நின்னா ரெண்டே நாள்ல அழுகிரும், அதனால அதுக்கு ஸ்ப்ரேயே வேணாம், அதே கரைசல்ல பஞ்ச நனைச்சு இலை இலையா துடைச்சு விடுங்க, குருத்துல சொட்டு விழுந்தா பேப்பர் திரியால உறிஞ்சி எடுத்துருங்க.

அடிச்ச மறுநாள் பூச்சி அப்படியே உக்காந்திருக்கேன்னு பதறாதீங்க. வேம்பு அடிச்ச உடனே சாகடிக்கிற சாமான் இல்ல, திங்கிற ஆசையக் கெடுக்கும், குஞ்சு தோலுரிச்சு பெருசாகுறதத் தடுக்கும். மாவுப்பூச்சி ஒரு பஞ்சுப் பைக்குள்ள நூத்துக்கணக்குல முட்டை வைக்கும், அந்தப் பைக்குள்ள எதுவும் இறங்காது. முட்டை பொரிச்சு பொடிக்குஞ்சு நடந்து போகும்போது அதுக்கு மெழுகுச் சட்டை இருக்காது, அப்பத்தான் நம்ம மருந்து பிடிக்கும். அதனாலதான் ஆறேழு நாளைக்கு ஒருக்கா, நாலு தடவைன்னு கணக்கு. ரெண்டு தடவை அடிச்சுட்டு "போயிருச்சு"ன்னு நிறுத்துறவங்கதான் ரெண்டு மாசம் கழிச்சு வேம்பு ஒண்ணுக்கும் ஆகலன்னு சொல்றவங்க.

சிலந்திப்பேனுக்கு இம்புட்டு கூட வேணாம், தண்ணியே பாதி மருந்து. அதுக்குப் பிடிச்சது காஞ்ச சூடு, நம்ம பங்குனி சித்திரை மாதிரி காலத்துல முட்டையில இருந்து பெருசாக ஒரு வாரமே போதும், அதான் திடீர்னு பெருகுன மாதிரி தெரியுது. விடியக்காலைல, வெயிலு வர்றதுக்கு முன்னாடி, இலைக்கடியில படுற மாதிரி ஓஸ் முனைய விரலால அமுக்கி நல்லா பீச்சி விடுங்க, ஒரு கையால இலைய அடியில தாங்கிக்கங்க. ஒண்ணு விட்டு ஒரு நாள், ரெண்டு வாரம். கூடவே நாலு நாளைக்கு ஒருக்கா சாயங்காலம் சோப்புத் தண்ணி, ஒரு லிட்டருக்கு அஞ்சு மில்லி காதி சோப்பு, அரை மணி கழிச்சு அலசிருங்க. ரொம்ப இருந்தா மட்டும் வேப்பெண்ணெய். வெள்ளி மாதிரி ஆன இலை திரும்பப் பச்சையாகாது, அத வச்சு மருந்து வேலை செய்யலன்னு நினைக்காதீங்க, புதுசா வர்ற இலை சுத்தமா வருதான்னு பாருங்க. இப்படிப் பீச்சுறதுல இன்னொரு லாபம், கடக்காத்து இலைல படிய விடுற உப்பும் கழுவிப் போயிரும், ஆடி மாசக் கச்சான் காத்துல இத ஒரு பழக்கமாவே வச்சுக்கங்க. வாண்டாவுக்கு தொட்டில ஒண்ணும் இல்லாம வேரு அந்தரத்துல தொங்குறதால காலைல தண்ணி பீச்சுனா அதுக்குக் கொண்டாட்டம்தான், ஆனா அதுவும் உப்பில்லாத தண்ணியா இருக்கணும்.

இனி உங்களுக்கு வந்த யோசனைகள். உங்க உம்மா சொன்ன சாம்பல் பொய்யில்ல, அவரைல அசுவினி விழுந்தா எங்க ஆத்தாவும் அடுப்புச் சாம்பலத்தான் தூவும், பொடி பூச்சி தோல உராய்ஞ்சு காய வைக்கும். ஆனா அது மண்ணுல நிக்கிற காய்கறிச் செடிக்கு. ஆர்க்கிட் வேரு வெளிக்காத்துல இருக்குறது, சாம்பல் நனைஞ்சா காரம் கக்கும், அந்த வேரு தாங்காது. உம்மாகிட்ட அவரைக்கு வச்சுக்கலாம்னு சொல்லிருங்க. புகையிலைத் தண்ணி வேணவே வேணாம், இயற்கைன்னா பிள்ளைக்கு ஆகும்னு அர்த்தமில்ல, நிகோட்டின் தோல் வழியாவே உடம்புல ஏறும், தவழுற பிள்ளையும் நக்குற பூனையும் இருக்குற மாடில அத வைக்கிறதுக்குப் பதிலா பூச்சியோடயே இருந்துரலாம். பாத்திரம் கழுவுற லிக்விட் கொழுப்ப வழிக்கிறதுக்குச் செஞ்சது, இலை மேல இருக்குற மெழுகும் கொழுப்புதான், அதையும் சேத்து வழிச்சுரும்.

யாராவது இஞ்சி பூண்டு மிளகாக் கரைசல் சொல்வாங்க, சொல்லாம இருக்க மாட்டாங்க. வயல்ல வேலை செய்யும், நான் மறுக்கல, ஆனா காத்தடிக்கிற மாடில நம்ம முண்டு மிளகாய அரைச்சு ஸ்ப்ரே பண்ணிப் பாருங்க, பூச்சிக்கு முன்னாடி உங்க கண்ணுதான் போகும். 2023-ல புவிசார் குறியீடு வாங்குன மிளகா, அத குழம்புக்கே வச்சுக்கலாம். மஞ்சத்தூள், பட்டைத்தூள் ரெண்டும் வெட்டுன காயத்துல தடவுறதுக்கு நல்லது, பூச்சிய ஒண்ணும் பண்ணாது, பட்டைத்தூள் வேருல பட்டா வேரக் காய வச்சுரும். மண்டபம் பக்கம் விக்கிற கடப்பாசிச் சாறு செடிக்கு ஊட்டம், அத பூச்சி மருந்துன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. கோமியம், பஞ்சகவ்யம் எல்லாம் பூச்சி இருக்குற வரைக்கும் நிறுத்தி வைங்க, உரம் கூடி செடி கொழுகொழுன்னு தளிர் விட்டா சாறு உறிஞ்சுற கூட்டத்துக்கு விருந்து வச்ச மாதிரி.

உரக்கடையில வெர்டிசீலியம் லெக்கானின்னு ஒரு பொடி குடுப்பாங்க, மாவுப்பூச்சி மேல வளர்ந்து அதக் கொல்ற பூஞ்சாணம், லிட்டருக்கு அஞ்சு கிராம். நல்ல சாமான்தான், ஆனா அதுக்கு ஈரக்காத்து வேணும். இப்ப அடிச்சா காசுக்குக் கேடு, ஐப்பசி கார்த்திகைல மழை விட்டு விட்டுப் பெய்யும்போது அடிச்சா பிடிக்கும்.

ஒரு எச்சரிக்கை, இதுல நானே ஏமாந்திருக்கேன். மாவுப்பூச்சி கூட்டத்துக்குள்ள அதவிட ரெண்டு மூணு மடங்கு பெருசா, உடம்பெல்லாம் வெள்ளைத் திரி தொங்க, விறுவிறுன்னு நடக்குற ஒண்ணு இருந்துச்சுன்னா கை வைக்காதீங்க. மாவுப்பூச்சி அப்படி வேகமா நடக்காது. அது கிரிப்டோலீமஸ்ங்கிற பொறிவண்டோட புழு, ஆஸ்திரேலியாவுல இருந்து 1898-லயே நம்ம நாட்டுக்குக் கொண்டு வந்தது, அப்பனும் ஆத்தாளும் பிள்ளையும் குடும்பத்தோட மாவுப்பூச்சியத்தான் திங்கும். நான் பெரிய மாவுப்பூச்சின்னு நினைச்சு ஸ்பிரிட்ல முக்கி ஏழெட்ட கொன்னேன், அப்புறம் ஒண்ணு கூட்டுப்புழுவாகி கறுப்பும் ஆரஞ்சுமா வண்டா வெளிய வந்தப்பதான் வயித்துல அடிச்சுக்கிட்டேன். அது இருக்குற தொட்டிக்கு எண்ணெய் அடிக்காதீங்க, எறும்ப மட்டும் நிறுத்திட்டு விட்டுருங்க. சின்னதுதானேன்னு நினைக்காதீங்க, 2008-ல கோயம்புத்தூர் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்து பப்பாளி, மரவள்ளி, மல்பெரின்னு தின்னு தீத்துச்சே ஞாபகம் இருக்கா, எந்த மருந்துக்கும் சரியா அடங்கல, 2010-ல போர்ட்டோ ரிக்கோவுல இருந்து குட்டிக் குளவிகளக் கொண்டு வந்தாங்க, அசிரோபேகஸ்னு ஒண்ணு, கண்ணுக்கே சரியா தெரியாது, அதுதான் அடக்குச்சு.

நீங்க கேக்காட்டியும் ரெண்டு வரி. மொட்டு விரியாம பழுத்து விழுந்தா, பூவுல பழுப்புக் கீறல் இருந்தா அது இலைப்பேன், பூவுக்குள்ள வாயால ஊதுனா நீளமா பொடிசா வெளிய ஓடிவரும், அந்த மொட்டுகள இரக்கம் பாக்காம கிள்ளி எடுத்துட்டு நீல அட்டை ஒட்டுப்பொறி ஒண்ணு தொங்க விடுங்க, இல்லன்னா நீல பிளாஸ்டிக் மூடில விளக்கெண்ணெய் தடவுனாலும் போதும். இலை நரம்போரமா மச்சம் மாதிரி பழுப்பா ஒட்டி, நகத்தால நெம்புனா கழண்டு வந்தா அது செதில் பூச்சி, பழைய டூத் பிரஷ்ல சோப்புத் தண்ணி தொட்டுத் தேச்சு எடுத்துட்டு மாவுப்பூச்சிக்குச் சொன்னதயே செய்யுங்க.

இலைல கறுப்புக் கோடு கோடா, திட்டுத் திட்டா வந்து புது இலைலயும் அதே மாதிரி வந்தா வைரஸா இருக்கலாம், அதுக்கு இயற்கை வைத்தியமும் கிடையாது செயற்கை வைத்தியமும் கிடையாது, அந்தச் செடிய மட்டும் மத்ததுல இருந்து பிரிச்சு அப்புறப்படுத்திருங்க. வெட்டுற கத்திரிய ஒவ்வொரு செடிக்கும் நடுவுல அடுப்புத் தீயில காட்டிட்டு ஆற வச்சு வெட்டுங்க.

கடைசியா நான் ஒண்ணு கேக்கணும். புதுசா ஆன்லைன்ல வாங்குன செடிய வந்த அன்னைக்கே மத்ததோட சேத்து வச்சீங்களா? குறைஞ்சது மூணு வாரம் தனியா வைக்கணும், எனக்கு வந்த பூச்சில பாதி அப்படி கூரியர் டப்பாவுல வந்ததுதான். அது இல்லன்னா உங்க மாடில இல்ல கீழ வாசல்ல செம்பருத்தி, பப்பாளி, குரோட்டன்ஸ் ஏதாவது நிக்குதான்னு பாருங்க. கீழக்கரை வீட்டுல செம்பருத்தி இல்லாம இருக்காது. அது கொழுந்து சுருண்டு, திருப்பிப் பாத்தா வெள்ளையா இருந்துச்சுன்னா மாவுப்பூச்சி அங்கிருந்துதான் காத்துலயும் எறும்புலயும் ஏறி வருது. அந்தக் கொழுந்தயெல்லாம் ஒடிச்சு கவர்ல கட்டிட்டு அப்புறமா மாடிக்கு வாங்க. முதல்ல ஒரே ஒரு டென்ட்ரோபியத்த எடுத்து காஞ்ச தோல உரிச்சுப் பாத்துட்டு போட்டோ போடுங்க, இலையடியையும் பக்கத்துல ஒரு பத்து ரூவா நாணயத்த வச்சு ஒரு போட்டோ எடுத்துப் போடுங்க, அளவு தெரிஞ்சா எந்தப் பேன்னு என்னால சொல்ல முடியும்.